பதில் சொல்வது பழைய முறை

புதுச்சேரியில் ஓர் இனம் வேகமாகப் பெருகிவருகிறது. இதற்கு முறையாளர் என்று பெயர் வைப்போம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வாயில் எந்நேரமும் 'கற்றல் விளைவு'. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்பவர் எவரோ, அவரே முறையாளர்.

முத்தியால்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் பாலகுரு இந்த இனத்தின் தங்கமான மாதிரி. ஜூன் மாதம் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். அது வட்டக் கற்றல். ஜூலையில் வட்டத்தை உடைத்துச் சிறு சிறு கும்பலாக்கினார். அது குழுக் கற்றல். ஆகஸ்டில் வீட்டில் பாடம், வகுப்பில் வீட்டுப்பாடம் என்று உலகத்தையே புரட்டிப் போட்டார். அடுத்து ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியது. அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, உச்சியில் எலுமிச்சம்பழம் கட்டி, ராகு காலம் கழியட்டும் என்று பிள்ளைகளை வெயிலில் காய விட்டு, பிறகுதான் சுவிட்சைப் போட்டார். ராகு காலத்தில் வைஃபை வராது என்பது அவருடைய கட்சி. தொட்டு எழுதுவதற்கென்றே செய்த பலகை அது. பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. அழுக்காகிவிடுமாம்!

இத்தனை கலவரத்துக்கும் நடுவே ஹேமலதா என்ற பெண்ணுக்கு ஒரு சந்தேகம்.

"சார், பின்னத்தால வகுக்கறப்போ அதத் தலைகீழா மாத்திப் பெருக்கறோமே, அது ஏன் சார்?"

மற்ற பிள்ளைகள் மாற்றினார்கள், பெருக்கினார்கள், மதிப்பெண் வாங்கினார்கள். ஹேமலதாவுக்குப் புரியாததை நம்பி எழுதக் கை வராது. காலாண்டுத் தேர்வில் அந்தக் கணக்குகளை அப்படியே விட்டுவிட்டாள். அரையாண்டிலும் விட்டால், கழிவறையை ஒட்டி இருக்கும் 'மெல்லக் கற்போர்' அறைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போன பிள்ளையின் நெற்றியில் மக்கு என்று ஒட்டிய சீட்டு, பள்ளியை விட்டுப் போகும்வரை கிழியாது.

"அருமையான கேள்விம்மா! சந்தேகப் பெட்டியில போடு" என்றார் பாலகுரு. போட்டாள். பெட்டியின் சாவி தொலைந்து வெகுநாளாகியிருந்தது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னார். செய்தாள். ஒரு தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது. பக்கத்து மாணவனிடம் கேட்டுக் கற்கச் சொன்னார். பக்கத்தில் ஆனந்தராஜ்.

"திருப்புன்னாங்க, திருப்புறேன். உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை?"

பாலகுருவுக்கு விடை தெரியாதா? நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் சொல்லிவிட்டால் அது விரிவுரை. விரிவுரை செய்பவர் பழைய ஆள். பழைய ஆள் என்று பெயரெடுக்கவா அவர் இத்தனை பயிற்சிக்குப் போய் இத்தனை சமோசா தின்றார்?

ஒருநாள் தாளாளர் சக்கரபாணி வகுப்பைப் பார்க்க வந்தார். "போன்ழூர் மொஸ்யே!" என்று வகுப்பே பிரெஞ்சில் வணக்கம் கூவியது. யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அவர் ஒப்புக்குக் கேட்டார். ஹேமலதா எழுந்து கேட்டேவிட்டாள்.

"எல்லாரும் கைதட்டுங்க!" என்றார் பாலகுரு. தட்டினார்கள். அவளைப் பலகையோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

"சார், பதிலு?"

"நான் பதில் சொன்னா அது பழைய முறைம்மா. நீயே கண்டுபிடிக்கணும்!"

தாளாளருக்குப் புல்லரித்தது. ஹேமலதாவின் கேள்வி பள்ளியின் விளம்பரப் பலகையில் ஏறியது. ஹேமலதா, அரையாண்டு முடிந்ததும், கழிவறையோரம் போனாள்.

அங்கே பாரதி மிஸ் இருந்தார். புதிதாகச் சேர்ந்தவர், எந்தப் பயிற்சிக்கும் இன்னும் அனுப்பப்படாதவர். கேள்வியைக் கேட்டதும் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

"மூணு சப்பாத்தி இருக்கு. ஆளுக்கு அரை. எத்தினி பேரு சாப்பிடலாம்?"

"ஆறு பேரு மிஸ்."

"மூணை அரையால வகுத்த. ரெண்டால பெருக்குன மாதிரி ஆச்சா?"

ஹேமலதா வாயைப் பிளந்தாள். "அவ்ளோதானா மிஸ்?"

"அவ்ளோதான். சாப்புடு."

செய்தி பரவியது. அந்த அறையில் கேட்டால் பதில் கிடைக்கிறதாம்! அடுத்த தேர்வில் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் வேண்டுமென்றே தோற்றார்கள். ஆனந்தராஜ் தன் பெயரைக்கூடத் தப்பாக எழுதிப் பார்த்தான். மெல்லக் கற்போர் அறையில் இடம் இல்லை, ஜன்னலில் தொங்கினார்கள்.

பாலகுரு திகைத்தார். இது என்ன முறை? அளவுகோல் கொண்டுவந்து அறையை அளந்தார். மின்விசிறி இல்லாததைக் குறித்துக்கொண்டார். சுவரின் நிறத்தைப் படம் எடுத்தார். பாரதி மிஸ் பேசிக்கொண்டிருந்தது மட்டும் அவர் காதில் விழவில்லை. கடைசியில் மூச்சை இழுத்தார். பிடிபட்டுவிட்டது! நெடி! கழிவறை நெடி மூளையைத் தட்டி எழுப்புகிறது!

'கழிவறையோரக் கற்பித்தல்' அடுத்த மாதமே பயிற்சிக் கூட்டத்தில் அரங்கேறியது. ஸ்மார்ட் போர்டு கழிவறைப் பக்கம் குடிபெயர்ந்தது, புது எலுமிச்சம்பழத்தோடு. கழிவறையைக் கழுவிக்கொண்டிருந்த ஆயம்மாவிடம், "இனிமே தெனம் கழுவாதீங்க, புள்ளைங்க படிப்பு கெட்டுடும்" என்று உத்தரவானது. பாரதி மிஸ் இந்த முறைக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனார். வாராவாரம் அறிக்கை, ஆதாரப் படம், விளக்கப்படம்.

"மிஸ், மைனஸை மைனஸால பெருக்குனா ஏன் ப்ளஸ் வருது?"

மடிக்கணினியிலிருந்து பாரதி மிஸ் தலை நிமிரவில்லை. "இந்த அறிக்கைய அனுப்பிட்டுச் சொல்றேன்மா."

ஹேமலதா இன்னும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். உங்களுக்கு விடை தெரிந்தால், போய் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டு வாருங்களேன்.

என்ன, முதலில் இந்தக் கட்டுரையைப் பெற்றோர் குழுவுக்கும் ஆசிரியர் குழுவுக்கும் அனுப்பிவிட்டுப் போகிறீர்களா?

வணக்கம், முறையாளரே!