முள் இறங்குகிறது

பொயிலரின் அழுத்தம் காட்டும் முள் மறுபடியும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. மனுவேலுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மாதமாகவே அவருக்கு வயிறு சரியில்லை. எல்லாம் இந்தப் பொயிலரால் வந்த பயம் என்பது அவருடைய முடிவு.

லண்டனிலிருந்து திரும்பிய டாக்டர் தனபாலன், புசல்லாவைக் குளிர் தாங்காமல் தன் பங்களாவில் பொருத்திய இயந்திரம் அது. விறகில் எரியும். கொதிக்கும் தண்ணீர் குழாய் வழியே அறைக்கு அறை சுவரிலிருக்கும் இரும்புப் பெட்டிகளுக்குப் போய், வீட்டைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். முள் சிவப்புக் கோடு போட்ட ஒன்றில் நிற்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் முள் இறங்கும், வீடு குளிரும். மூன்றைத் தாண்டினால் வெடிக்கும் என்று மனுவேலே தீர்மானித்திருந்தார்.

மத்தியானம் டாக்டர் விருந்தாளிகளோடு வருகிறார். "இனி ஒரு தடவை வீடு குளிர்ந்து கிடந்தா வேற காவல்காரனைப் பார்த்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். வேலை போனால் தங்கியிருக்கும் அறையும் போகும். அறுபது வயதில் எங்கே போவது?

மூக்கைத் துணியால் கட்டி, கையுறை மாட்டி, அந்தோனியாரை வேண்டிக்கொண்டு, பொயிலருக்குத் தண்ணீர் விடும் குழாயைத் திறந்தார். முள் ஒன்றுக்கு ஏறியது. புதுத் தண்ணீர் விட்டால் துருப்பிடிக்காமலிருக்க ஒரு மூடி மருந்தும் ஊற்ற வேண்டும். போத்தலில் மண்டையோட்டுப் படம். விரலில் பட்ட ஒரு சொட்டை மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினார்.

"அந்தோனியம்மா! ஒரு தேத்தண்ணி கொண்டா."

கூப்பிட்ட வாய் மூடுமுன் தேத்தண்ணி வந்தது. அந்தச் சமையல்காரியிடம் அவருக்குப் பிடித்ததே அந்தச் சுறுசுறுப்புதான். குடித்துவிட்டுப் பார்த்தால் முள் அரைக்கு இறங்கியிருந்தது.

பொயிலரைப் பொருத்திய கெலிஓயா ஹாஷிமைப் போனில் பிடித்தார்.

"ஹாஷிம் நானா, முள்ளு நிக்க மாட்டேங்குது!"

"எங்கயோ தண்ணி போகுது. ரூம் ரூமா பாருங்க. பெட்டியில காத்து இறக்குற சின்னச் சாவி ஆணியில தொங்கும், அதால இறுக்கிவிடுங்க."

ஆணியில் சாவி இல்லை. மனுவேல் எல்லா அறையிலும் தவழ்ந்து பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. ஒழுகாமலே தண்ணீர் காணாமல் போகிறதென்றால் அது பேய் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

முள்ளை ஒன்றரைக்கு ஏற்றினார். மருந்தும் ஒன்றரை மூடி.

"அந்தோனியம்மா, பெரிய கோப்பையில கொண்டா! நாக்கு வறண்டு போச்சு."

குடித்தார். முள் இறங்கியது.

மூன்றாவது தடவை ஆத்திரத்தில் இரண்டு மூடி மருந்தைக் கொட்டிவிட்டுக் குழாயை முழுக்கத் திறந்தார். ஒன்று. இரண்டு. மூன்று! பொயிலரின் பக்கவாட்டு வால்வு சீறிக்கொண்டு சுடுதண்ணீரைக் கக்கியது. குழாயை மூடியது மட்டும் அவருக்கு ஞாபகம். அதற்குப் பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார்.

"அண்ணே, அங்க படுக்காதீங்க. அட்டை கடிக்கும்" என்றாள் அந்தோனியம்மா.

"வீடே வெடிக்கப் போகுது, நீ அட்டையைப் பத்திப் பேசுறே! தேத்தண்ணி கொண்டா. கேத்தல் நிறைய!"

மூன்று கோப்பை குடித்துவிட்டு எழுந்தார். பூனை மாதிரி உள்ளே போய் எட்டிப் பார்த்தார். முள் அச்சொட்டாக ஒன்றில் நின்றது. மனுவேலுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வாசலில் ஹோர்ன் சத்தம். டாக்டர் நான்கு விருந்தாளிகளோடு இறங்கினார். கூடத்துக்கு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"பரவாயில்லையே மனுவேல்! இனி இந்த வீடு உன் பொறுப்பு. எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லு."

மனுவேல் பெருமையோடு குரல் கொடுத்தார். அந்தோனியம்மா கேத்தலை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஆனால் குசினிப் பக்கம் போகவில்லை. மூன்றாவது அறைப் பக்கம் போனாள்.

"அடியே, அடுப்பு அங்க இருக்கு. நீ எங்க போறே?"

அவள் இடுப்பிலிருந்து சின்னச் சாவி ஒன்றை எடுத்தாள்.

"கேஸ் சிலிண்டர் ரெண்டு மாசம் வரணும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க? அதான் ஒரு மாசமா உங்க தேத்தண்ணிக்கெல்லாம் இந்த ரூம் பெட்டியிலதான் சுடுதண்ணி பிடிக்கிறேன்."