புதுமடம் ரேஸ் டிராக்

காஜா நவாஸ் முடிவு கட்டிவிட்டார்: மனைவியின் ஸ்கூட்டர் வகுப்புக்கு இன்றோடு மூடுவிழா!

வளைகுடாவில், கார்ப் பந்தய டிராக்கில் கொடி காட்டுகிற வேலை அவருக்கு. லீவில் புதுமடம் வந்தவரிடம் அஸ்பியா கேட்டது ஒன்றே ஒன்று. "ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்குடுங்க மச்சான்." அதுவும் சாயங்காலம்தான் வேண்டுமாம். டீக்கடையில் கூட்டாளிகள் காத்துக் கிடக்கிற நேரம் அது. ஒரு வாரமாக வண்டிக்குப் பின்னாலேயே ஓடி அவருக்கு முழங்கால் கழன்றுவிட்டது. அவளோ பத்தடிக்கு ஒருதரம் காலை ஊன்றினாள்.

ஆகவே கடற்கரைப் பொட்டலில் வலை மிதவைகளை வரிசையாக வைத்து, மிரட்டுகிற மாதிரி ஒரு டிராக்கே போட்டுவிட்டார்.

"இது ஸ்டார்ட்டிங் கிரிட். இங்கனருந்துதான் கெளம்பணும். அங்கன வலமும் எடமுமா நெளியுதுல்ல, அது சிகேன். வேகத்த அடக்குறதுக்குன்னே போடுறது. கடைசில கொண்டை ஊசி மாதிரி திரும்புது பாரு, அது ஹேர்பின்."

"அதுக்கு வெளிய எதுக்கு மண்ணக் குமிச்சு வச்சிருக்கீக?"

"கிராவல் ட்ராப். திரும்பத் தெரியாதவுகளப் புடிச்சு நிப்பாட்டுற எடம். ஒனக்காகவே போட்டது."

"பெரிய மனசுதான்."

"கால் ஒருதடவ தரையில பட்டாலும் வகுப்பு முடிஞ்சுச்சு. சம்மதமா?"

அஸ்பியா கொஞ்சம் யோசித்தாள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். சிகேனில் அலுங்காமல் நெளிந்தாள். ஹேர்பினில், ஏபெக்ஸ் என்று அவர் அலட்டிக்கொள்ளும் அந்த உள்விளிம்பை உரசினாற்போலத் திரும்பினாள். மண்குவியல் சும்மா கிடந்தது. காஜா நவாஸுக்குக் கையில் வைத்திருந்த கொடியை ஆட்டக்கூட மறந்துபோனது.

"எப்பப் புள்ள கத்துக்கிட்ட?"

"போன தடவ நீங்க போன பெறகு. லைசென்ஸே இருக்கு. தம்பி வண்டில உச்சிப்புளிக்குப் போய் வாரேன்ல."

"போன்ல ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீங்க பேசுறதக் கேக்கத்தான் நேரம் இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. எந்த வளைவில் எந்தக் கொடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வீட்டுக்காரியைப் பற்றி இதுகூடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"பெறகு எதுக்கு ஒரு வாரமா என்னைய ஓடவிட்ட?"

"லீவு முடியிற வரைக்கும் சாயங்காலம் நீங்க எங்கூட இருக்கணும்ல."

அஸ்பியா டிராக்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"நாளைக்கு இன்னும் நீளமாப் போடுங்க மச்சான். இது வெரசா முடிஞ்சிருது."