முதல் துண்டு மாமாவின் உண்மையான வருத்தம்

நோயாளியாக இருப்பதையே விருந்தோம்பலாகச் செய்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் வாகரைப் பக்கத்து முதல் துண்டு மாமா ஒருவர்தான்.

வெளிநாட்டிலிருந்து எந்த மருத்துவ முகாம் வந்தாலும் வரிசையில் முதலாம் நம்பர் துண்டு அவர் கையில்தான். அதனால் அந்தப் பெயர். வாவியில் வலை வீசி வீசி முறுகிய உடம்பு. தடிமன் காய்ச்சல் கூடக் கிட்ட வரப் பயப்படும். ஆனால் பல் டொக்டர்கள் வந்தால் அவருக்குப் பல் வலிக்கும். கண் டொக்டர்கள் வந்தால் கண் மங்கும்.

“மூண்டு கண்ணாடி குடுத்திரிக்காங்க, ஒண்டையும் போடமாட்டார்,” என்று மாமி என்னிடம் முறையிட்டார். “போன முறை நல்ல பல்லொண்டைப் புடுங்கக் குடுத்திட்டு வந்து நிக்கார் இந்த மனிசன்!”

“மறுகா என்ன செய்யிற?” என்றார் மாமா. “அந்தப் புள்ள கடல் தாண்டி வந்து, ஒரு பல்லும் புடுங்காமப் போறதா?”

நான் மட்டக்களப்பில் பிறந்து, லண்டனில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் தொப்பை வளர்த்தவன். ஐம்பது வயதில் திடீரென்று சேவை மனப்பான்மை முற்றி, இரண்டு வாரத் தொண்டர் குழு ஒன்றோடு புறப்பட்டு வந்தேன். மருத்துவத்தில் எனக்குத் தெரிந்தது தலையிடிக்குப் போடும் பனடோல் குளிசை மட்டும். ஆகவே மொழிபெயர்க்கும் வேலையையும், பொத்தானை அமுக்கினால் தானாகவே பிரசர் பார்க்கும் மெசினையும் தந்தார்கள். அந்த மெசினைப் பிழையாகப் பாவிக்கவே முடியாது என்று சொல்லித்தான் தந்தார்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. ஊரே வட்டையில் நெல் அறுத்துக்கொண்டிருந்தது. எங்கள் இளம் டொக்டர் எம்மாவுக்கு இதுதான் முதல் பயணம். பள்ளிக்கூட மண்டபத்தில் வெறும் கதிரைகளைப் பார்த்து முகம் வாடிப்போய் இருந்தாள்.

அப்போதுதான் மாமா வந்தார். தலையில் எண்ணெய், தோய்த்து மடித்த சேட்டு, கலியாண வீட்டுக்கு வருகிற நடை. என் காதோடு கேட்டார்:

“மனே, இந்த முறை என்ன டொக்டர்? பல்லா, கண்ணா?”

“எந்த நோய் வருத்தமெண்டாலும் பாப்பா, மாமா.”

“அப்ப எங்கயும் நோகலாம்!” என்று நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தார்.

கையில் பட்டியைக் கட்டிப் பொத்தானை அமுக்கினேன். இருநூற்றுப் பத்து என்றது மெசின். பிழையாகக் கட்டிவிட்டேன் என்று மற்றக் கையில் கட்டினேன். இன்னும் இரண்டு கூடியது. எனக்கு வியர்த்தது.

“பதறாத மனே,” என்று மாமா என் முதுகைத் தடவினார். “முதல் நாள் எல்லாரும் இப்பிடித்தான். ஆறுதலாப் பழகு. கை இஞ்சதானே இரிக்கு.”

எம்மா வந்து தானே அளந்து பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். பிறகு என்னிடம் மெதுவாக, இவரை இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த நேரமும் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோகலாம் என்றாள்.

மொழிபெயர்த்தேன். மாமாவின் முகத்தில் பயம் வரவில்லை. மனத்தாங்கல் வந்தது.

“நான் உங்கட சந்தோசத்துக்கு வந்தன் மனே. நீங்க உண்மையாவே வருத்தத்தைக் கண்டுபிடிச்சுப் போட்டீங்களே!”

எழும்பினார். வலை போட்டுக் கிடக்கிறதாம், இறால் காத்திராதாம். பள்ளிக்கூடப் படலையடியில், அவரோடு வந்திருந்த மாமி மறித்தார். அவரையும் விலக்கிக்கொண்டு நடந்தார்.

எம்மா பின்னால் ஓடி வந்தாள். ஏதும் மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனா என்று என்னிடம் கேட்டாள். கண்ணில் தண்ணீர்.

மாமா நின்றார். “ஏன் மனே அழுவுறா? ஆளொண்டும் வரயில்லையெண்டா? நாளைக்கு நான் பத்துப் பேரைக் கூட்டி வாறன் எண்டு சொல்லு.”

“அதுக்கில்ல மாமா. உங்களுக்கு ஏதும் நடந்திருமெண்டு பயப்புடுறா.”

“எனக்கா?”

“ஓம், உங்களுக்குத்தான்.”

திரும்பி அவள் கிட்ட வந்து நின்றார். பிறகு, “உங்கட வேன் எங்க நிக்கி?” என்றார்.

ஆஸ்பத்திரி வாட்டில் ஊசி போட்டார்கள். சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள், ஒழுங்காகக் குளிசை எடுத்தால் பயமில்லை என்றார் அங்கிருந்த டொக்டர். மாமி மாற்றிக் கட்டச் சாரம் எடுக்க வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளை விரிப்பில் மாமா விறைத்துப்போய்க் கிடந்தார்.

“மனே,” என்றார் ரகசியமாக. “உண்மையான வருத்தக்காரன் என்ன செய்யவேணும்? எனக்குப் பழக்கமில்ல.”

“ஒண்டும் செய்ய வேணாம் மாமா. சும்மா கிடங்க.”

“நீ போயிருவியா?”

நான் பதில் சொல்வதற்குள் தாதி வந்தார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, முகாமிலிருந்து வந்த வெளிநாட்டு ஆட்கள் எல்லோரும் வெளியே போகவேண்டும் என்றார்.

மாமா என் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டார். “இவன் வெளிநாடு இல்ல மிஸ்ஸி. எங்கட ஆள்.”

அந்த மிஸ்ஸிக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.