ஆந்திரப் பசுவும் சென்னைக் கன்றும்

எங்கள் ஊர் சர்க்கார் மாட்டாஸ்பத்திரி வாசலில் இரண்டு கரும்பலகைகள் உண்டு. ஒன்று 'ஊழியர் செய்திகள்'. அது தினமும் மாறும். டாக்டர் விடுப்பு முடிந்து திரும்பினார், கம்பவுண்டருக்கு ஆண் மகவு, பலகை எழுதுகிறவருக்குச் சுளுக்கு என்று நாங்கள் எல்லாம் தெரிந்துகொள்வோம். மற்றது 'சேவைகள்'. அதில் எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒரே வாசகம்: 'நாளை வரவும்.'

1960 ஏப்ரலில் எல்லைத் தகராறு தீர்ந்து எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போனது. ஊர் என்னவோ வரதய்யபாளையத்துக்குத் தெற்கே பழைய இடத்திலேயேதான் இருந்தது. பஸ் சார்ஜ் இல்லாமல், மூட்டை கட்டாமல், வேறு ராஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

டாக்டர் ஆதிநாராயணன் சென்னை ராஜ்யமே வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பவுண்டர் தணிகாசலத்துக்கு இங்கே நிலம் இருந்தது, அதனால் அவர் ஆந்திரா. புது டாக்டர் சித்தூரிலிருந்து வந்து பொறுப்பேற்கும்வரை பழைய டாக்டர் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. அந்தச் சமயத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். பிரிவுபசாரம்.

அந்த மாதம் எங்கள் பக்கத்தில் பிரிவுபசாரம்தான் பாஷன். தபால்காரருக்கு ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவருக்கு ஒன்று நடந்தது. எங்கும் போகாதவர்களுக்குக்கூட, மனசு கஷ்டப்படக் கூடாதென்று, ஒன்று நடந்தது. கூலிங்கிளாஸ் போட்டு குரூப் போட்டோ எடுத்துக்கொள்ளாதவரை ஊழியராகவே யாரும் மதிக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் பிரிவுபசாரம் நடந்த அன்றைக்குத்தான் என் செவலைப் பசுவுக்கு வலி கண்டது. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்துவிட்டன, தலை வரவில்லை. என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து அதன் பாலில்தான் என் அடுப்பு எரிகிறது. பக்கத்து வீட்டுக் கமலம்மா கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ள, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் இருந்தார். போட்டோக்காரர் திருப்பதியிலிருந்து வந்து காமிரா முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா, கன்னு குறுக்க மாட்டிக்கினு கீது. சீக்கிரம் வந்து பாருங்க."

டாக்டர் கூலிங்கிளாஸைக் கழற்றாமல் பார்த்தார். "பசு எந்த ராஜ்யம்?"

"என்னுதுங்க."

"அதில்லேம்மா. எங்கே வாங்கினே?"

"நாயுடுபேட்டை சந்தையிலங்க. நாலு வருஷம் ஆவுது."

"அப்போதே நாயுடுபேட்டை ஆந்திரா. ஆகவே பிறவியிலேயே ஆந்திரப் பசு. இப்போது ஊரும் ஆந்திரா. சென்னை ராஜ்ய ஊழியனான நான் இதைத் தொட்டால், அயல் ராஜ்யத்து விவகாரத்தில் தலையிட்டதாக ஆகும்."

"தலையெல்லாம் வேணாங்க, கையை விட்டாப் போதும்."

டாக்டர் கம்பவுண்டரைக் காட்டினார். கம்பவுண்டர் எழுந்து வந்து பசுவைத் தட்டிக் கொடுத்தார்.

"மாட்டைத் தொட எனக்கு அதிகாரம் கீது. ஆனா கயிறு, சோப்பு, எண்ணெய் எல்லாம் மெட்ராஸ் சரக்கு. அதை நான் தொடக் கூடாது. ஆந்திரா சோப்பு வரணும்."

"எப்போ வரும்?"

"வஸ்துந்தி, வஸ்துந்தி. மெல்லகா வஸ்துந்தி." வரும், மெதுவாக வரும் என்பதை அதற்குள் தெலுங்கிலேயே சொன்னார்.

செவலை முதுகை வளைத்து முக்கியது. கண் பிதுங்கியது.

"சரிங்க, மாடு ஆந்திராவே இருக்கட்டும்," என்றேன். "கன்னு? அதோட நைனா யாரு? போன வருஷம் இங்கதானே காளைக்கு விட்டேன். உங்க ஆஸ்பத்திரி பொலிகாளைதானே?"

டாக்டர் கூலிங்கிளாஸைக் கழற்றினார்.

"சர்க்கார் காளையா?"

"ஆமாங்க. அப்போ மெட்ராஸ் சர்க்கார்."

"அப்படியானால் கன்று சென்னை ராஜ்யத்தின் பிரஜை! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு சட்டென்று நின்றார். "ஆனால் வெளியே வந்த இரண்டு கால்களுக்குத்தான் நான் பொறுப்பு. மீதிக் கன்று ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது."

"உள்ள இருக்கறது என் எல்லை," என்றார் கம்பவுண்டர்.

"எல்லையில நின்னுகினு பேசறீங்களே, அங்க உசிரு போவுது!" என்று கமலம்மா கத்தினாள்.

அதன் பேரில் இருதரப்பு உடன்பாடு ஏற்பட்டது. டாக்டர் தம் கையால் சென்னை எண்ணெயைக் கம்பவுண்டர் கைமேல் ஊற்றினார். கம்பவுண்டர் எண்ணெயைத் தொடவில்லை, எண்ணெய்தான் அவரைத் தொட்டது. அவர் ஆந்திரப் பகுதிக்குள் கையை விட்டு, மடங்கிக் கிடந்த தலையை நேராக்கினார். டாக்டர் சென்னைப் பகுதியில் நின்று காலைப் பிடித்து இழுத்தார். தலை வந்தது. அப்புறம் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்து விழுந்த கன்று, தும்மி, காதை உதறியது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கன்றை நடுவில் வைத்து குரூப் போட்டோ எடுத்தார்கள். பசு அழகாக இல்லையென்று போட்டோக்காரர் அதை ஒதுக்கிக் கட்டச் சொன்னார். அன்றைக்குச் சேவைகள் பலகையும் முதல் தடவையாக மாறியது: 'சென்னை ராஜ்யம்: கன்று ஒன்று மீட்பு. ஆந்திர ராஜ்யம்: பசு ஒன்று மீட்பு.' எனக்குக் கிடைத்தது இரண்டு. பலகையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து சீம்பால் கறந்தேன். எங்கள் பக்கத்தில் சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவது. முதல் ஆளாகக் கமலம்மா கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"கமலம்மா, எல்லை பிரிக்கறதுக்கு முன்னே ஊர்ல ரெண்டு மனு வந்துதே. ஒண்ணு மெட்ராஸ்ல இருக்கணும்னு, ஒண்ணு ஆந்திராவுல சேரணும்னு. நீ எதுல கைநாட்டு வெச்சே?"

"மெட்ராஸ்லதான். ஏன்?"

"பாலு ஆந்திரா ஆச்சே. உனக்குப் பாத்தியம் கன்னு மேலதான். தடவிக் குடுத்துட்டுப் போ."

"அடிப்பாவி! காலையிலருந்து உன் மாட்டைப் புடிச்சிக்கினு நின்னது யாருடி? நீ எதுல வெச்சே?"

"ரெண்டுலயும் வெச்சேன். அதான் மாடும் எனுது, கன்னும் எனுது."

கமலம்மா தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "நானும் ரெண்டுலயும்தான் வெச்சேன்."

அதற்குமேல் மறுக்க விதியில்லை. ஊற்றினேன். சேதி பரவி, கொஞ்ச நேரத்தில் ஊரே பாத்திரத்தோடு வந்துவிட்டது. விசாரித்ததில், ஒருவர் பாக்கியில்லாமல் இரண்டிலும் வைத்திருந்தார்கள். ஊர் முழுவதும் எங்கள் பக்கம்தான் என்று இரண்டு சர்க்காரும் சொல்லிக்கொண்டதில் பொய்யே இல்லை. டாக்டர் வந்தார், கம்பவுண்டர் வந்தார், போட்டோக்காரரும் வந்தார். எல்லோருக்கும் பாத்தியம் இருந்தது. எல்லோருக்கும் ஊற்றினேன்.

எந்த மனுவிலும் கைநாட்டு வைக்காதது கன்று ஒன்றுதான். அது கால் தள்ளாடிக்கொண்டு கடைசியாக வந்து, காலிச் செம்பை முகர்ந்து பார்த்தது.