இடக்கையில் ஒரு பச்சைப் பட்டி

என்னை நம்பி ஒரு வேலையைத் தந்துவிட்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. அரைகுறையாகக் கேட்டதை முழு அறிவென்று நினைத்துச் செய்துவிடுவேன். என் கணவர் சைக்கிள் போட்டியில் தோற்றதும் அப்படித்தான்.

எண்பதுகளில் மொன்றியலுக்கு அகதிகளாக வந்த புதிது. அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் சைக்கிளில் அவரை வெல்ல ஆளில்லை. இந்த நாட்டிலும் ஒன்றிலாவது முதலாவதாக வந்துவிட வேண்டுமென்று, எங்கள் ஆட்கள் பூங்காவில் நடத்திய கோடைகாலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். எனக்கும் அந்தக் கிண்ணத்தை டிவிக்கு மேல் வைக்க ஆசைதான். (டிவிதான் இருக்கவில்லை.)

போட்டி, பூங்காவைச் சுற்றி மூன்று வட்டம். முந்திய வருடம், ஒரு வட்டம் பின்தங்கி வந்தவரை முன்னுக்கு வருபவரென்று நினைத்துச் சனம் கைதட்டி, அது சண்டையில் முடிந்ததாம். இந்த முறை என்ன செய்யலாமென்று பேச்சு வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பிரெஞ்சு வகுப்பு ஆசிரியர் ஒரு சைக்கிள் பைத்தியம். பிரான்சில் அந்தக் காலத்துப் போட்டிகளில் முன்னணியில் இருப்பவரின் கையில் பச்சைப் பட்டி கட்டுவார்கள், மஞ்சள் சட்டையெல்லாம் பிறகு வந்தது என்று சொல்லியிருந்தார். அதை அப்படியே ஒப்புவித்தேன்.

“அப்ப நீங்களே கட்டுங்கோ, தங்கச்சி” என்றார் போட்டியை நடத்திய அண்ணை. பட்டி கட்டியவர்தான் முன்னணி என்று ஒலிபெருக்கியிலும் அறிவித்துவிட்டார்.

முதல் வட்டம் முடிய என்னவர்தான் முன்னுக்கு வந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பச்சை றிபனோடு பாதைக்குக் குறுக்கே பாய்ந்தேன்.

“நில்லுங்கோ! பட்டி கட்டவேணும்!”

“இப்பவோ?”

“ஓம், நீங்கள்தானே முன்னுக்கு!”

பாவம், நின்றார். அவசரத்தில் முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்து, மூன்றாம் தரம்தான் விழுந்தது. அதற்குள் அத்தனை பேரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்த வட்டத்தில் முன்னுக்கு வந்தவர் என்னைக் கண்டதும், “அக்கா, எனக்கு வேண்டாம்!” என்று கத்தியபடி விலகி ஓடினார். கிண்ணமும் அவருக்கே போனது.

பட்டி மட்டும் கடைசிவரை என்னவரின் இடக்கையில். ஐந்தாவதாக வந்த மனிதருக்குச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வெட்கத்தில் நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டேன். அந்தப் போட்டிகள் பல நாட்கள் நடக்குமாம். அன்றைய ஓட்டம் முடிந்து, ஆள் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான் கட்டுவார்களாம். வீட்டில் வந்து சொன்னேன். “அப்ப இறங்கின பிறகுதானே கட்டவேணும்!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கு நல்லது நடந்தாலும் என் முன்னால் வந்து இடக்கையை நீட்டுவார்கள். தொடக்கி வைத்தவர் என்னவர்தான். அந்தப் போட்டிக்கு அடுத்து வந்த குளிர்காலத்தில் எங்கள் அகதி வழக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசாரணை அறையை விட்டு வெளியே வந்தும் எனக்கு அழுகை நிற்கவில்லை. அவர் கோட்டின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, கையை நீட்டினார்.

“இப்ப கட்டும். இறங்கிட்டன்.”