வெட்டுமேசையைச் சுற்றிய தூதன்

வாழ்க, காஜா எடுக்கும் ஊசியே வேலாகவும், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவே வாகைமாலையாகவும் பூண்ட வீரன்! அக்காளும் தங்கையும் நடத்தும் தையற்கடையில் தங்கைக்குக் கணவனாய் வாழ்க்கைப்பட்டவன். மேசை விசிறி எவர் பக்கம் திரும்புவதென்று மூண்ட பெரும்போரில் நேற்று முதல் தூதனானவன்!

தூதன் என்றால் செய்தி கொண்டு செல்பவன் என்று சொல்லி அகராதி நழுவிவிடும். மன்னர்க்கு அமைச்சரும் காதலர்க்குக் கிளியும் முகிலும் தூது சென்றதுண்டு. பேச்சை நிறுத்திக்கொண்ட இரு சகோதரியர்க்கிடையே சென்றவன் கதியை எவரும் பாடவில்லை. சொன்னதைச் சொல்பவன் கடைநிலைத் தூதன், சொல்லவேண்டியதைத் தானே வகுத்துரைப்பவனே தலையாய தூதன் என்று எங்கோ படித்திருந்த நம் வீரன், தலையாயவனாகவே துணிந்தான்.

மாலைக்குள் தரவேண்டிய பள்ளிச் சட்டைத்துணி தங்கைமுன் வெட்டப்படாமல் மலையாய்க் குவிந்திருக்க, கடையின் ஒரே கத்தரிக்கோல் அக்காள் மடியில் உறைவாளாய் உறங்கியது.

“அந்தக் கத்தரிக்கோலைக் குடுக்கச் சொல்லுங்க. அடைகாக்குறாங்களா என்ன?” என்று மேசையின் இப்புறமிருந்து தங்கை முழங்கினாள்.

வீரன் எழுந்தான். நூற்கண்டுகள் காலடியில் உருள, துணிக்குன்றுகள் சரிய, களம்புகும் களிறென மேசையைச் சுற்றி அப்புறம் அடைந்தான்.

“அக்கா, மெதுவா குடுத்தா போதுமாம். உங்க கை பட்ட கத்தரிதான் நேரா வெட்டுமாம்.”

“முதல்ல ஃபேனைத் திருப்பச் சொல்லுங்க தம்பி. காத்தை என்ன அவ பேர்ல பட்டா போட்டிருக்கா?”

மீண்டும் களிறு சுற்றியது.

“உனக்கு வேர்க்குமேன்னு அக்காவுக்கு ஒரே கவலை. பாதிக் காத்து போதுமாம்.”

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருவரும் அமர்ந்து அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்ததை, சுற்றிவந்த களைப்பில் அந்த மாவீரன் மறந்தான். இருவரின் தையல் எந்திரங்களும் ஒருசேர நின்றன.

“அக்கா, நான் அப்படியா சொன்னேன்?”

“நானும்தான் சொல்லலடி. இவர் எப்பவும் இப்படித்தானா?”

“வீட்லயும் இதே கதைதான்க்கா. குழம்பு தீஞ்சாலும் ‘பதமா இருக்கு’ம்பார்.”

சிரிப்பு வெடித்தது. கத்தரிக்கோல் மேசைமேல் வழுக்கி வந்தது. விசிறி நடுவே திரும்பியது. துணிமலை துண்டுதுண்டாய் வீழ்ந்தது. பகைகெழு படைகள் இரண்டையும் தன் நாவன்மையால் இணைத்த பெருமிதம் நெஞ்சில் முரசறைய, புகழ்மொழியும் பரிசிலும் நாடி, மார்பு விம்ம நிமிர்ந்து நின்றான் தூதர் தலைவன்.

அக்காவும் தங்கையும் டீ குடிக்கப் போனார்கள், அவனைக் கூப்பிடவில்லை.