பால் போத்தலுக்கு ஒரு பர்மிட்

நியாலாஸ்,
14-9-1952

மரியாதைக்குரிய மச்சான் கணேசமூர்த்தி அவர்களுக்கு, தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி நாகமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் தங்கை மங்களமும் பிள்ளைகளும் நலம். தெங்கேராவில் தாங்களும் துணிக்கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் வயிறு மட்டும் நலமில்லை.

எட்டு வருஷத்துப் புண் தாங்கள் அறிந்ததே. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பாலகிருஷ்ணன் போன மாதம் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கிராணி, ஒங்க நோவு வயித்துல இல்ல, கொணத்துல இருக்கு. எல்லாரையும் சந்தேகப்பட்டா புண்ணு எப்படி ஆறும்?" என்றார். நாக்கில் குணம் தெரியுமா மச்சான்? யாரோ என்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று விசாரித்து வருகிறேன். விசாரிக்க விசாரிக்க எரிச்சல்தான் கூடுகிறது.

அதோடு விட்டாரா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் பால் குடிக்க வேண்டுமாம். ஸ்டோரோ எங்கள் வீடுகளைச் சுற்றிய முள்கம்பி வேலிக்கு வெளியே. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், மீறினால் ஜெயில். இது தெரிந்தும் இந்த மனிதர் போலீஸ் அதிகாரியிடம் போய், நான் தினம் ஒரு போத்தல் பால் கொண்டுபோகலாம் என்று முத்திரை குத்திய பர்மிட் வாங்கி வந்தார். நான் கேட்காமலே! அவர் அக்காள் மகன் வீரமுத்து வேலையில்லாமல் சுற்றுகிறான். முத்திரை போலியாக இருந்து நான் பாலோடு பிடிபட்டு உள்ளே போனால் ஸ்டோர் வேலை யாருக்கு?

நானும் விடவில்லை. மறுநாள் கேட்டில் நானே போத்தலை நீட்டி, "தீனி வச்சிருக்கேன், புடிச்சுக்குங்க" என்றேன். காவலுக்கு நிற்கும் மலாய்ப் போலீஸ்காரர் பர்மிட்டைப் பார்த்துவிட்டு, "ஓகே லா கிராணி, போங்க" என்று சிரித்தார். மற்றவர்களின் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர் என்னைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்? அவரும் கூட்டு. போத்தலை அவரிடமே ஒப்படைத்துவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனேன். முப்பது நாளாக அப்படித்தான். அவர் கன்னம் இப்போது பன் மாதிரி இருக்கிறது. "நான் விடியக்காலைல எந்திரிச்சுப் பால் காய்ச்சுறது அந்த ஆளுக்கா?" என்று மங்களம் அழுகிறாள்.

நேற்று டிரஸ்ஸர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் கலைந்துபோனார்கள். அடுத்த திங்கட்கிழமை மலாக்கா ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்க வேண்டுமாம். "இந்த ஒரு வாரமாச்சும் நெசமா பாலக் குடிங்க கிராணி, கத்தி வேணாமுன்னு நானே எழுதித் தர்றேன்" என்றார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது மச்சான். மங்களத்தையும் பிள்ளைகளையும் தவிக்க விட்டுவிடுவேனோ? ஆகவே பர்மிட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். டவுன் போலீஸ் ஆபீசில் காட்டி, முத்திரை அசல்தானா என்று கேளுங்கள். அசல் என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் அன்றே குடிக்க ஆரம்பிக்கிறேன். இந்த உலகத்தில் நான் முழுசாக நம்புகிறவர் தாங்கள் ஒருவர்தான்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. மாரியம்மன் தங்கள் குடும்பத்தையும் கடையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நாகமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மங்களம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தாங்களும் பாலகிருஷ்ணனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாமே! இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை? பர்மிட்டை வெளியே எடுத்துவிட்டேன், உறைக்குள் தேட வேண்டாம். பதிலும் வேண்டாம். திங்கட்கிழமை கத்திக்கே போகிறேன். ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளைக்காரர். நம் ஆட்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது.